பழைய தூரம்

உறையூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். திருச்சி விமான நிலையத்திலிருந்து வான்கூவருக்குப் போக நாற்பத்தொரு நிமிடம் ஆகும். இரண்டாவதைச் சாதித்த விஞ்ஞானிகள் முதலாவதில் கை வைக்கவில்லை. அது மாநகராட்சியின் ஆளுகைக்கு உட்பட்டது.

இந்த இரண்டு பயண நேரங்களும் தாயுமானவனுக்குத் தலைகீழ்ப் பாடம். வீடு உறையூரில், அப்பா வான்கூவரில். இரண்டுக்கும் நடுவே, ஆட்சியர் அலுவலக வளாகத்தின் பின்பக்கக் கட்டடத்தில், மாடியில், அவருடைய பதவி இருந்தது: ‘தனி வட்டாட்சியர், தொன்மைத் தொலைவுச் சான்றளிப்பு’. பலகை எழுத வந்தவர், கதவைவிடப் பதவி நீளமாக இருக்கிறதே, கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாயுமானவன் கதவை மாற்றச் சொன்னார். இரட்டைக் கதவு போட்டார்கள். ஜனங்கள் என்னவோ அதைத் ‘தூர ஆபீஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தூரத்துக்கு ஓர் ஆபீஸ் எதற்கு என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மடிப்பு விமானம் பறக்கத் தொடங்கி அப்போது மூன்று வருடம். அதன் சூட்சுமத்தை வயசாளிகளுக்கு விளக்குவதற்காகவே தாயுமானவனின் உதவியாளர் ஆரோக்கியமேரி தன் மேஜையில் கரை போட்ட துண்டு ஒன்றை வைத்திருந்தார்.

“இந்தக் கரை திருச்சி, அந்தக் கரை கனடான்னு வச்சுக்குங்க ஐயா. பழைய ப்ளேன் துணி மேலயே ஊர்ந்து போகும். இது துணிய மடிச்சு, கரையோட கரைய ஒட்டிரும். இங்க ஏறி அங்க இறங்கவேண்டியதுதான்.”

“அப்ப நாப்பது நிமிசம் எதுக்கும்மா?”

“மடிக்கிறது ரெண்டு நிமிசம். மிச்சமெல்லாம் அவங்க சாண்ட்விச் விக்கிறதுக்கு.”

மடிப்பு விமானத்துக்கும் முன்பே ஒரு சட்டம் இருந்தது. எழுபது வயது தாண்டிய பெற்றோரிடமிருந்து ஊருக்கு ஊர் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வசிக்கும் பிள்ளைகள், மாதம் ஒருமுறை நேரில் போய், இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்து, கைரேகை வைத்துவிட்டு வரவேண்டும். சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது தில்லைநகர், பொன்மலை, போனால் போகிறது லால்குடி. கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. நேரம் என்று எழுதிவிட்டார்கள். மடிப்பு விமானம் பறந்த முதல் நாள் காலையிலேயே சிட்னியும் சிகாகோவும் லால்குடியைவிடப் பக்கத்தில் வந்து நின்றன.

அதுவரை வெளிநாட்டுப் பிள்ளைகள் கைவசம் வைத்திருந்த பெரிய சொத்து தூரம்தான். இருபத்தாறு மணி நேரப் பயணம், நடுவில் இரண்டு விமான நிலையம், லீவு இல்லை என்று சொன்னால் எந்தப் பெரியம்மாவாலும் மறுபேச்சுப் பேச முடியாது. அந்தச் சொத்தை விஞ்ஞானம் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது. காதுகுத்து, வளைகாப்பு, மாமாவின் கண் ஆபரேஷன், எதற்கும் இனிமேல் சாக்கில்லை. மனு மேல் மனு போயிற்று. அரசு மனம் இரங்கியது. மடிப்பில் போனால் தலை சுற்றுகிறது என்று ஒரு டாக்டர் எழுதித் தந்தால் போதும், அந்த நபருக்கு மட்டும் பழைய தூரம் பழைய தூரமாகவே நீடிக்கும் என்று சான்றிதழ் கிடைக்கும். அதற்குப் பிறகு விமான வாசலில் நிற்கும் இயந்திரம் அவரைக் கண்டதும் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். பாரிசுக்கு உல்லாசப் பயணம் போகிறவருக்குத் தலை சுற்றாது. பெற்றோர் இருக்கும் ஊருக்குப் போனால் மட்டும் சுற்றும். மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொண்டது.

திட்டத்தின் விதிகளை எழுதியவர் தாயுமானவன். மொத்தம் இருபத்தாறு விதிகள், பழைய பயணத்தின் மணிக்கணக்குக்கு ஒன்று வீதம். அதில் ஏழாவது அவருக்குப் பிள்ளை மாதிரி. சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மறுபக்கம் அப்பா அம்மாவை மடிப்பு விமானத்தில் வரவழைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களே, அந்தக் களவாணித்தனத்தை எப்படித் தடுப்பது என்று ஆட்சியர் கேட்டார். தாயுமானவன் இரண்டு நாள் யோசித்து, தூரம் என்பது இரு தரப்புக்கும் பொது என்று எழுதினார். சான்றிதழில் இரண்டு ஊர் இருக்கும். ஒருவர் ஓர் ஊரில் இருந்தால், எந்த விமானத்தில் வந்து சேர்ந்தாலும், மற்றவர் மற்ற ஊரில்தான் இருக்கவேண்டும். மகன் போக முடியாத தூரத்தை அப்பாவும் கடக்க முடியாது. இதில் ஒரு ஓட்டைகூட இல்லை என்றார் ஆட்சியர். அந்த வாக்கியத்தைத் தாயுமானவன் வீட்டில் மனைவி குமுதவல்லியிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

சான்றிதழ் கொடுக்கும் முன் விசாரணை உண்டு. தாயுமானவனே பெற்றோரின் வீட்டுக்குப் போய், பிள்ளை இப்படி ஒரு சான்றிதழ் கேட்கிறார், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீடு. கருமண்டபத்தில் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், உட்கார்ந்த கையோடு, என் பையன் மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துடறான் சார் என்று ஆரம்பித்தார். போன ஞாயிற்றுக்கிழமைகூட வந்தானாம். நாங்கள்தான் அலையாதே என்று திட்டி அனுப்பினோமாம். அவருடைய மனைவி அடுக்களை வாசலில் நின்று தலையை ஆட்டினார். விருந்தாளிக்கு என்று போட்ட நாற்காலியில் தாயுமானவன் உட்கார்ந்து எழுந்தபோது பேண்ட் முழுக்க ஒட்டடை. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். இப்பதான் வந்து போனான், நேத்துதான் பேசினாள், நான்தான் வரவேண்டாம் என்றேன். அரசாங்க ஜீப் வாசலில் நிற்க, தெருவே எட்டிப் பார்க்க, என் பிள்ளை என்னைப் பார்க்க வருவதில்லை என்று எந்த அப்பா சொல்வார்?

“இதுவரைக்கும் ஆயிரத்து நானூறு கேஸ் முடிச்சாச்சு சார்,” என்றார் ஆரோக்கியமேரி ஒருநாள். “ஒருத்தர்கூட ஆட்சேபிக்கல.”

திட்டத்துக்கு மக்களிடம் உள்ள வரவேற்பு அது என்று தாயுமானவன் சொன்னார். ஆரோக்கியமேரி, சரிங்க சார் என்று துண்டை மடித்து வைத்தார்.

அந்த ஆயிரத்து நானூறில் முதல் எண் தாயுமானவனுடையது.

அது நடந்த விதம் இப்படி. தொடக்க விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். பந்தல், சேர், பூங்கொத்து எல்லாம் தயார். மேடையில் சான்றிதழை வாங்க ஆள் இல்லை. வந்திருந்த மனுக்களில் டாக்டர் கடிதம் சரியில்லை, அல்லது விசாரணை முடியவில்லை. வீட்டுத் திட்டம் என்றால் ஒருவருக்குச் சாவியைக் கொடுக்கவேண்டும், தையல் மெஷின் திட்டம் என்றால் ஒரு பெண்மணி மெஷினோடு நிற்கவேண்டும். முதல் பயனாளி இல்லாமல் எந்தத் திட்டமும் தமிழ்நாட்டில் பிறந்ததில்லை. ஆட்சியர் சுற்றுமுற்றும் பார்த்தார். உங்கள் அப்பா வெளிநாட்டில்தானே இருக்கிறார் என்று கேட்டார்.

இருந்தார். அம்மா காலமான பிறகு, ஆறு வருடம் முன்பு, தங்கை செண்பகம் மாசிலாமணியை வான்கூவருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். மடிப்பு விமானம் வந்த முதல் வருடத்தில் சட்டம் மாதம் ஒருமுறை என்றாலும் தாயுமானவன் அங்கே நாலு முறைதான் போய்வந்தார். நாலு முறையும் ஒரே மாதிரிதான். சாப்பிட்டியா என்பார் அப்பா. ஆச்சு என்பார் இவர். உறையூர் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொள்ளுமே, சரி பண்ணியாச்சா என்பார். பண்ணணும் என்பார் இவர். அதோடு பேச்சு முடிந்துவிடும். மிச்சம் ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் இருவரும் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரம் முடிந்ததும் அப்பாதான் முதலில் எழுந்து கைரேகை இயந்திரத்தை எடுத்துவந்து நீட்டுவார்.

ஆகவே ஆட்சியர் கேட்டபோது தாயுமானவன் பெரிதாக மறுக்கவில்லை. முகாமுக்கு வந்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் தலைசுற்றலை எழுதித் தந்தார். அப்பாவிடம் வீடியோவில் விசாரணை நடத்தியவர் ஆரோக்கியமேரி. மாசிலாமணி சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மகன் மாசாமாசம் தவறாமல் வருகிறான், இனிமேல் வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, அரசாங்க காரியம் பெரிது, எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். மேடையில் அமைச்சர் சால்வை போட்டு, சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அப்பா வான்கூவர் வீட்டு ஹாலில் மாட்டிவைத்தார் என்று செண்பகம் சொன்னாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், மந்திரி பக்கத்தில் நிற்பது என் மகன் என்று காட்டினாராம். எதற்காக நிற்கிறான் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

விழா முடிந்ததும் ரத்து செய்துவிடலாம் என்றுதான் தாயுமானவன் நினைத்திருந்தார். முதல் மாதம் தணிக்கை வந்தது. இரண்டாம் மாதம் மழை. மூன்றாம் மாதத்திலிருந்து காரணம் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகவும் வசதியாகவும் இருந்தன. இரண்டு வருடம் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை செண்பகம் கூப்பிட்டாள். அப்பாவுக்கு ஈரலில் வந்த புற்று பரவிவிட்டதாம். டாக்டர்கள் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து என்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். உறையூருக்குக் கொண்டுபோய்விடு, தாயுவைப் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

“அதுக்கென்ன, கூட்டிட்டு வா,” என்றார் தாயுமானவன். “நான் ஏர்போர்ட்டுக்கு வண்டி கொண்டாறேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“கூட்டிட்டுத்தான்ணே போனேன். வீல்சேர்ல வச்சு, வாசல் வரைக்கும் போயிட்டோம். சிவப்பு விளக்கு எரிஞ்சிருச்சு. உங்க மகன் திருச்சில இருக்காரு, அதனால நீங்க திருச்சிக்குப் போக முடியாதுன்னு அந்த மெஷின் தமிழ்ல சொல்லுது.” குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அப்பா அதுகிட்ட, என் மகன் அங்க பெரிய ஆபீசருன்னு சொல்லிக்கிட்டிருக்காரு.”

தாயுமானவன் அன்றே ரத்து மனு எழுதினார். பெறுநர் என்ற இடத்தில் தன் பதவியையே எழுதவேண்டியிருந்தது. அனுப்புநர் மனுவைக் கொடுத்தார், பெறுநர் வாங்கி முத்திரை குத்தினார். ஆனால் பதினான்காம் விதிப்படி ரத்து அறிவிப்பை நாற்பத்தைந்து நாள் பலகையில் ஒட்டி வைக்கவேண்டும். யாராவது ஆட்சேபித்தால் கேட்பதற்காக. ஒரு தகப்பனும் மகனும் நெருங்கி வருவதை யார் ஆட்சேபிப்பார்கள் என்று எழுதும்போது அவர் யோசிக்கவில்லை. பட்டா மாறுதலுக்கு இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்.

ஆட்சியரிடம் போனார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். மறுநாள் மாலையும் வரச்சொல்லிப் புரட்டினார்.

“நானும் ரெண்டு நாளா தேடுறேன் தாயுமானவன். ஒரு ஓட்டைகூட இல்லை,” என்றார். முதல்முறை சொன்னபோது இருந்த அதே மரியாதை குரலில் இருந்தது.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஆரோக்கியமேரி. புதன்கிழமை காலை, ஏழாம் விதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, துண்டின் இரண்டு கரைகளையும் இரண்டு கையில் பிடித்தபடி அவர் அறைக்குள் வந்தார்.

“சார், ஒருத்தர் இங்க இருந்தா ஒருத்தர் அங்க இருக்கணும். அவ்வளவுதான எழுதியிருக்கீங்க?”

“ஆமா.”

“யாரு இங்க, யாரு அங்கன்னு எழுதலையே.”

தாயுமானவனுக்கு முதலில் விளங்கவில்லை. ஆரோக்கியமேரி துண்டைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்க இங்க இருக்கறதுனாலதான் சார் அவரு வர முடியல. நீங்க அங்க போயிட்டா அவரு வீட்டுக்கு வந்துரலாம். நாளைக்கு வியாழக்கிழமை. வாரம் ஒருவாட்டி போற பழைய ப்ளேன் இருக்கு. நீங்க ஏறி கதவச் சாத்துன நிமிசமே அவருக்குப் பச்சை விளக்கு எரியும். நான் கேட்டுட்டேன்.”

“நான் அங்க போயிட்டா அவரை எப்படிம்மா பாக்கறது?”

ஆரோக்கியமேரி துண்டை நாலாக மடித்தார். வீடு, மகன்னு உங்கப்பா கேட்டது ரெண்டு சார், ஒண்ணுதான் விதியில இருக்கு என்பது மாதிரி ஏதோ முகத்தில் இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

குமுதவல்லியிடம் சொன்னபோது அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மாமனாருக்கு எந்த அறையை ஒழிப்பது என்று கேட்டாள். வாசல் பக்கம் ஜன்னல் உள்ள அறைதான் அவருக்குப் பிடிக்கும் என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள். பிறகு மெத்தை உறையை உதறியபடி, “அவரு வர்றாரு, நீங்க போறீங்க. நல்லாத்தாங்க சட்டம் போட்டிருக்கீங்க,” என்றாள். அன்று பிற்பகல் தாயுமானவன் ஆள் வைத்து வாசல் சாக்கடையைத் தோண்டிச் சரிசெய்தார். பக்கத்திலேயே நின்று, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. ஒன்றரை மணி நேர வேலை. எட்டு வருடமாகச் செய்யாமல் வைத்திருந்தார்.

வியாழன் காலை ஒன்பதரைக்குப் பழைய விமானம் கிளம்பியது. அதில் போகிறவர்கள் இரண்டே ரகம். அவரைப் போலச் சான்றிதழில் சிக்கியவர்கள் கொஞ்சம் பேர். மிச்சமெல்லாம் வசதிபடைத்தவர்கள். மெதுவாகப் போவது இப்போது நாகரிகம். பக்கத்து இருக்கையில் கிரானைட் தொழிலதிபர் ஒருவர் கழுத்துத் தலையணையோடு உட்கார்ந்திருந்தார். தூரத்தை அனுபவிக்கவேண்டும், அவசரப்பட்டு என்ன கண்டோம், மனசு நம்மைப் பின்தொடர்ந்து வர நேரம் கொடுக்கவேண்டும் என்று விமானம் மேலே ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஏறியதும் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

கதவைச் சாத்தியபோது தாயுமானவன் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தொரு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். அப்போது கீழே வங்காள விரிகுடாதான் வந்திருந்தது. அப்பா திருச்சியில் இறங்கியிருப்பார். செண்பகம் கூட இருக்கிறாள், ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று. இனி உறையூருக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்தமானைத் தாண்டும்போது குமுதவல்லி கூப்பிட்டாள். அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தாயிற்றாம், ஜன்னலைத் திறக்கச் சொன்னாராம், இதோ பேசுங்கள் என்று போனை அவர் காதருகே வைத்தாள்.

“சாக்கடை ஓடுதே,” என்றார் அப்பா. குரல் நூல் மாதிரி இருந்தது.

“ஆமாப்பா. பண்ணியாச்சு.”

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

பேச்சு முடிந்துவிட்டது. இந்தமுறை தாயுமானவன் விடுவதாக இல்லை. எப்படியாவது சொல்லிவிடவேண்டும் என்று வாயெடுத்தபோது அந்தப் பக்கம் வாசலில் யாரோ வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஸ்டூடியோக்காரர் போலிருக்கிறது. வாங்கய்யா, எப்ப வந்தீங்க, எங்கே உங்க ஆபீசர் மகனைக் காணோமே என்கிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

“இங்கதான் இருந்தான்,” என்றார் அப்பா, அந்த நூல் குரலைக் கெட்டியாக்கிக்கொண்டு. “இவ்வளவு நேரம் எங்கிட்டத்தான் பேசிட்டு இருந்தான். இப்பதான் கடைக்குப் போனான்.”

ஆயிரத்து நானூறு வீடுகளில் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார் தாயுமானவன். அதன் ஏற்ற இறக்கம் அவருக்கு அத்துப்படி. ‘இப்பதான்’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உயரும். அதற்கு நேராக ஒவ்வொரு முறையும் அவர் எழுதியது இரண்டே சொற்கள். அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் எழுதினோமா என்று இப்போது கேட்டுக்கொண்டார். கிரானைட்காரர் தூக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தார். இன்னும் இருபத்துமூன்று மணி நேரம் இருந்தது.

வான்கூவரில் செண்பகத்தின் வீட்டு ஹாலில், தன் படத்துக்கு எதிரே உள்ள சோபாவில், தாயுமானவன் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தார். செண்பகத்துக்குச் சான்றிதழ் கிடையாது. தினமும் உறையூருக்குப் போய்வந்தாள், பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது போல. வரும்போது குமுதவல்லி ரசத்தைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவாள். திறந்தால் ஆவி வரும். அப்பாவுக்கு வைத்ததுதான் என்பாள் செண்பகம். இன்றைக்கு ரெண்டு வாய் குடித்தார் என்பாள். ஒருநாள், உன்னைக் கேட்டார்ணே என்றாள். என்ன சொன்னாய் என்றார். நான் சொல்வதற்குள் அவரே, அவனுக்கு ஆபீஸ் ஜோலி இருக்கும் என்று சொல்லிவிட்டார் என்றாள்.

நாற்பத்தொரு நிமிடத் தூரத்தில் அப்பா படுத்திருந்தார். தாயுமானவன் இரண்டு முறை விமான நிலையம் வரை போய், அந்த இயந்திரத்தின் முன் நின்று பார்த்தார். உங்கள் தந்தை திருச்சியில் இருக்கிறார் என்றது. இன்னும் இருக்கிறார் என்பது அவர் கேட்க விரும்பிய செய்திதான்.

ஆறாம் நாள் காலை ஏழரைக்கு அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. செண்பகமோ குமுதவல்லியோ அனுப்பியதல்ல. ‘அன்புடையீர், தங்கள் தொன்மைத் தொலைவுச் சான்றிதழ் எண் 1 இன்று முதல் செல்லாது. தாங்கள் மடிப்பு விமானத்தில் திருச்சிக்குப் பயணம் செய்யலாம். பயண நேரம் 41 நிமிடங்கள். தங்கள் பயணம் இனிதாகட்டும்.’

ரத்து மனுவுக்கு இன்னும் முப்பத்தாறு நாள் இருந்தது. மனு முடியாமல் ஒரு சான்றிதழ் செல்லாமல் போக வழி ஒன்றே ஒன்றுதான் உண்டு. டாக்டர் இறப்பைப் பதிவு செய்த நொடியில் செய்தி தானாகப் போகும்படி ஏற்பாடு செய்தவரும் தாயுமானவன்தான். துக்கத்தில் இருப்பவர்களை ஆபீசுக்கு அலையவிடக்கூடாது என்று அப்போது விளக்கம் எழுதியிருந்தார். ஆட்சியர் அதையும் பாராட்டினார்.

செண்பகம் கூப்பிட்டபோது அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். “தெரியும்மா,” என்றார். ஐஸ் பெட்டி வந்துவிட்டது, நீ வரும்வரை எடுக்கமாட்டார்கள் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள்.

இயந்திரம் பச்சை விளக்கைப் போட்டு வணக்கம் சொன்னது. இருக்கையில் உட்கார்ந்தார். தலை சுற்றுமோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மடிப்பு என்பது காதில் ஒரு சின்ன அடைப்பு, அவ்வளவுதான். சாண்ட்விச் வண்டி வந்தது. பக்கத்தில் இருந்தவர் புத்தூர்க்காரராம், நாலு நாளைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம், தானாகவே சொன்னார். பக்கத்தில் ஆள் இருந்தால் பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர். ஊருக்குத்தானா என்றார். ஆமாம் என்றார் தாயுமானவன்.

“ஏதும் விசேஷங்களா?”

“அப்பா வந்திருக்காரு.”

“அடடே. பாத்து ரொம்ப நாளாச்சோ?”

“ரெண்டு வருஷம்.”

புத்தூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஆறு நிமிடம் என்றார். ஏர்போர்ட்டிலிருந்து போவதுதான் பாடு, டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் போகாதீர்கள், வேறு வழி சொல்லுங்கள் டிரைவரிடம் என்றார்.

“வயசானவங்க பாருங்க. காத்துக்கிட்டு இருப்பாரு.”

“இருப்பாரு,” என்றார் தாயுமானவன்.